தள்ளிவைத்த படகு

படகு குறுக்கே திரும்பிவிட்டது.

கரையில் நின்ற எல்லாருக்கும் அது தெரிந்தது. அலைக்கு விலாவைக் காட்டும் படகு என்ன ஆகும் என்பது அந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒரு பெரிய அலை வந்தால் தண்ணீர் ஏறும். அதற்கடுத்ததில் கவிழும்.

ஆனாலும் யாரும் நகரவில்லை.

மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு அவளும் பார்த்தாள்.

மாரளவு தண்ணீரில் நின்று அஞ்சப்பன் முன்கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். பின்னால் அவன் தம்பி தோளைக் கொடுத்துத் தள்ளினான். ஃபைபர் படகைக் கரையேற்ற ஒரு கூட்டமே வேண்டும். ரெண்டு பேர் இழுத்தால் கயிறு கையை அறுப்பதுதான் மிச்சம்.

மற்ற நாளாக இருந்தால் யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. யார் படகு வந்தாலும் கை சும்மா இருப்பவன் ஓடிப்போய்ப் பிடிப்பான். பங்காளிச் சண்டைக்காரன்கூட முதலில் படகைப் பிடித்துவிட்டு, அப்புறம்தான் சண்டையைத் தொடர்வான்.

இப்போது அஞ்சப்பன் குடும்பத்தை ஊர் தள்ளிவைத்திருந்தது.

சுருக்குமடி வலை போடுவதென்று ஊர்க்கூட்டத்தில் முடிவானபோது எல்லாத் தலையும் ஆடியது. மீன்குஞ்சைக்கூட விடாமல் கடலை வழித்தெடுக்கிற வலை அது. அஞ்சப்பன் தலை மட்டும் ஆடவில்லை. மன்னிப்புக் கேள் என்றார்கள். கேட்கவில்லை. அன்றிலிருந்து அவனோடு பேச்சு கிடையாது, கடையில் சாமான் கிடையாது. அவன் படகை யாரும் தொடக்கூடாது. தொட்டால் தொட்ட வீட்டுக்கும் அதே கதி.

பெண்டாட்டி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். தம்பியை விட்டால் அவனுக்கு ஆளில்லை.

கரையில் கைகட்டி நின்றார்கள். வேறு எந்தக் காரியத்திலும் ஊருக்கு இல்லாத ஒற்றுமை அதில் இருந்தது. முக்கால்வாசிப்பேர் கடலைப் பார்க்காமல் மணலைப் பார்த்தார்கள். பஞ்சாயத்தார்கூட மணலைத்தான் பார்த்தார்கள். முதல் ஆளாக இருப்பதற்குத்தான் பயம். ரெண்டாவது ஆளாக இருக்க அங்கே பாதிப்பேர் தயாராக இருந்தார்கள்.

அவள் புருஷனும் அந்தக் கூட்டத்தில் நின்றான்.

அஞ்சப்பன் அவளுக்கு உறவுமில்லை, ஒட்டுமில்லை. வாய்த்துடுக்குக்காரன். போன கோடையில் குழாயடியில் அவளோடு மல்லுக்கு நின்றவன். அவனைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

ஆனால் கடலுக்குப் போனவன் திரும்பி வரும்போது கரையில் நின்று வேடிக்கை பார்ப்பதா?

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படகு சாய்ந்தது. தம்பி தண்ணீருக்குள் போனான். எழுந்தான். இருமினான். மறுபடி தோளைக் கொடுத்தான்.

அவள் சேலையை இழுத்துச் செருகினாள்.

பக்கத்தில் நின்ற பவளக்கொடி, கூட மீன் விற்கிறவள், அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். பாசத்தில்தான் பிடித்தாள். அந்தக் கையை அவள் மெதுவாக விலக்கிவிட்டு இறங்கினாள்.

பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. பெண் படகைத் தொடக்கூடாது என்பது அந்தக் கரையில் பஞ்சாயத்துக்கும் முந்திய சட்டம். ஒரே நடையில் ரெண்டையும் மீறப் போகிறாள்.

"ஏய், ஏறி வந்துரு." புருஷன் குரல். "நம்மளையும் தள்ளிவச்சிருவாங்கடி. புள்ளைய நெனச்சுப் பாரு."

நினைத்துப் பார்த்தாள். நாளைக்கு அவள் மகளோடு தெருவில் ஒரு பிள்ளையும் விளையாடாது. கடைக்குப் போனால் வெறுங்கையோடு திரும்புவாள். பயமாகத்தான் இருந்தது. பயந்துகொண்டேதான் நடந்தாள்.

ஊர்க்கூட்டத்தில் பெண்களுக்கு இடம் கிடையாது. அது இத்தனை காலம் கழித்து அவளுக்கு வசதியாகப் போயிற்று.

"என்னைய யாரும் கேக்கல," என்றாள் திரும்பாமலே. "நான் எதுக்கும் தலையாட்டல."

தண்ணீர் இடுப்புக்கு வந்தது.

கயிற்றைப் பிடித்தாள். அஞ்சப்பன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். நன்றி சொல்லவில்லை. சொல்லுகிற ஆளுமில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

இழுத்தார்கள். படகு அசையவில்லை. ஆளுக்கொரு நேரம் இழுத்தால் எப்படி அசையும்? சேர்ந்து இழுக்க ஒரு குரல் வேண்டும்.

அது ஆண்கள் கொடுக்கிற குரல். தினமும் அவள் காதில் விழுவதுதான். அவள் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை.

நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

"ஏலேலோ..."

"ஐலசா."

அண்ணனும் தம்பியும் பதில் கொடுத்தார்கள். படகின் மூக்கு ஒரு சாண் கரைப்பக்கம் திரும்பியது. அவ்வளவுதான்.

தூரத்தில் பெரிய அலை ஒன்று எழும்பத் தொடங்கியது.

அவள் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கரையைப் பார்த்துத் திரும்பினாள். ஊர் முகத்துக்கு நேராகக் கூப்பிட்டாள்.

"ஏலேலோ..."

நடக்கப் பழகிய நாளிலிருந்து அந்தக் குரலுக்குப் பதில் சொல்லி வந்த வாய்கள். எல்லாம் இறுக்கி மூடிக்கொண்டிருந்தன.

ஒன்று மட்டும் முந்திக்கொண்டது.

"ஐலசா."

சொன்ன பிறகுதான், சொன்னது தான் என்று அவள் புருஷனுக்கு உறைத்தது. கை தன்னால் வாய்க்குப் போனது. பஞ்சாயத்தார் தலையைத் தூக்கினார்கள். ஊரே அவனைத் திரும்பிப் பார்த்தது.

அவளும் பார்த்தாள்.

அலை நெருங்கிக்கொண்டிருந்தது. வாயைப் பொத்திய கையை அவன் இன்னும் எடுக்கவில்லை.

அவனையே பார்த்தபடி அவள் இன்னும் உரக்கக் கூப்பிட்டாள்.