பச்சை மட்டும்

விலைக்கு வாங்கிய கண்ட்ரோல் பேனலில் மெய்கண்டானுக்குப் பிடிக்காதது ஒன்றுதான். வாடிக்கையாளர் யாருடைய வெப்சைட்டாவது படுத்துவிட்டால், முதலாளி என்றும் பாராமல் அது சிவப்பைக் காட்டும். ஆகவே தன்னிடம் வேலைபார்க்கும் புரோகிராமர் ரெஜினாவை உட்காரவைத்து, பிறர் வெப்சைட்டுகளை வாடகைக்கு வைத்து நடத்தும் தன் ஹோஸ்டிங் கம்பெனிக்கென்றே சொந்தமாக ஒரு பேனலைக் கட்டச் சொன்னார். அதில் பச்சை மட்டும்தான். ஒவ்வொரு வாடிக்கையாளர் பெயருக்கும் எதிரே ‘நலம்’ என்று வரும்.

“கடையில வாங்குனது கண்டவன் பேச்சைக் கேக்கும். இது நம்ம பேச்சைக் கேக்கும்,” என்று திறப்பு விழாவில் பொன்னாடையோடு முழங்கினார்.

வாடிக்கையாளர்கள் திட்டிவிட்டு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். பேனலில் எல்லோரும் நலமாகவே இருந்தார்கள்.

ஒரு மத்தியானம் சர்வர் அறையின் இரைச்சல் நின்றுபோனது. ரெஜினா ஓடிவந்தாள்.

“சார், எல்லா மெஷினும் செத்துப்போச்சு.”

“பேனலைப் பாரும்மா. ஒரு குறையும் இல்ல.”

“அந்தப் பேனலே ஓடுறது அந்த மெஷின்லதானே, சார்.”

மெய்கண்டான் திரையைத் திரும்பிப் பார்த்தார். பச்சை அணையவில்லை. கடைசிப் பெயருக்குக் கீழே புதிதாக ஒரு வரி மெல்ல முளைத்துக்கொண்டிருந்தது. அவருடைய பெயர்தான். எதிரே, நலம்.

அவருடைய வலக்கை விரல்கள் இடது மணிக்கட்டில் நாடியைத் தேடின. வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தன.