முடிவாச் சொல்லுங்க

2023 ஜூலை 17, ஆடி முதல் தேதி. சேலத்தில், ஏற்காடு மலையின் அடிவாரத்தில் ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் ஐந்து கர்ப்பிணிப் பெண்கள் முடிவுக்காகக் காத்திருந்தார்கள். மலர் அவர்களில் ஒருத்தி.

தெருவில் பிள்ளைகள் குச்சியில் தேங்காயைச் செருகிச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். கருகிய ஓட்டின் வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. மேலே மலையில், கொட்டச்சேட்டு வீட்டில், அம்மா வந்ததும் தேங்காய் சுடலாம் என்று மலரின் இரண்டு பெண்களும் காத்திருந்தார்கள்.

“மூணாவதுங்களா?” மலரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, முன்பல் உடைந்த பெண் கேட்டாள்.

“ஆமாங்க.”

“எனக்கு நாலாவது. நானும் மலைதாங்க, நாகலூரு. மூணும் பொண்ணு. இதுவும் அப்படியே வந்துருச்சுன்னா கபடிக்கு ஆள் சேர்த்திரலாம்.” அவளே சிரித்தாள். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை.

மலரின் மாமியார் அத்தாயி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். “பயந்துக்காத கண்ணு.”

“பொண்ணுன்னு சொல்லிட்டாங்கன்னா என்னங்கத்தே பண்றது?”

“மொதல்ல முடிவு தெரியட்டும். அப்பறம் முடிவு பண்ணிக்கலாம்.”

உள்ளறையில் கண்ணாடி போட்ட அம்மாள் ஒருத்தி மலரின் வயிற்றில் கருவியை வைத்துத் தேய்த்தாள். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினாள். சாம்பல் நிறத்தில் ஒரு தலை, ஒரு முதுகு, ஒரு குட்டிக் கை. கை மேலே போய் இறங்கியது.

“பாத்தியா கண்ணு, உன்னப் பாத்துக் கையாட்டுது.”

முதல் இரண்டு பிரசவத்திலும் மலருக்கு யாரும் திரையைக் காட்டியதில்லை.

அம்மாளின் போன் அடித்தது. கருவியைத் தலையணை ஓரம் வைத்துவிட்டு, “பொழுதோட வந்திர்றேன், தேங்காய்க்கு வெல்லம் வாங்கி வெய்யி” என்று யாரிடமோ பேசினாள். மலர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குழந்தை இன்னொரு முறை கையாட்டியது.

போனை வைத்துவிட்டு அம்மாள் சொன்னாள். “மாரியம்மனுக்குக் கூழ் ஊத்திரு கண்ணு.”

முருகன் என்றால் ஆண், மாரியம்மன் என்றால் பெண். வாசலிலேயே சொல்லித்தான் உள்ளே அனுப்பியிருந்தார்கள்.

மலரின் கணவன் வெங்கடேஷ் எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டுகிறான். இருட்டியபின் வீட்டுக்கு வந்தவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான்.

“நான் பெத்துக்கறேனுங்க” என்றாள் மலர். “அது என்னப் பாத்துக் கையாட்டுச்சு.”

“எல்லாந்தான் ஆட்டும்.”

மலர் ஒரே முடிவாக நின்றாள். வெங்கடேஷ் தட்டில் போட்ட சோற்றைத் தொடாமல் எழுந்து போனான். அத்தாயி சின்னவளுக்குத் தலைவாரிக்கொண்டே, “பேர் சொல்ல ஒன்னு வேணுமில்ல கண்ணு” என்று தினமும் ஒரு தடவை சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெங்கடேஷ் கேட்டான். “முடிவா என்னதாம்புள்ள சொல்ற?”

மலர் எதுவும் சொல்லவில்லை. அதையே முடிவாக எடுத்துக்கொண்டார்கள்.

கருவைக் கலைக்கும் மாத்திரையையும் அடிவாரத்தில் அதே வீட்டில்தான் கொடுத்தார்கள். சில நாள் படுத்திருந்துவிட்டு, மலர் பழையபடி காப்பித் தோட்டத்தில் களை எடுக்கப் போனாள். கூட வேலை செய்தவர்கள் உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள். காய்ச்சல் என்றாள்.

செடிக்கு நடுவே குனிந்திருக்கும்போது அந்தக் கை ஞாபகம் வரும். வெங்கடேஷ் அதைப் பார்க்கவில்லை. அத்தாயியும் பார்க்கவில்லை. தான் ஒருத்தியாவது ஒருக்கா பார்த்தோமே என்று நினைத்துக்கொள்வாள்.

தை மாதம் அடிவாரத்து வீட்டைப் போலீஸ் பூட்டியது. அங்கே போய்வந்த மலைக்காரப் பெண்களை ஏற்காட்டுக்கு வரவழைத்து விசாரித்தார்கள்.

முன்பல் உடைந்த பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தாள். மலரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

“அடுத்து மலர்” என்று கூப்பிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் தேவகுமாரி நாற்காலியைக் காட்டினார். மேஜைமேல் ஒரு லேப்டாப் திறந்திருந்தது. “அந்த வீட்ல கைப்பத்தினதும்மா இது. நல்லாப் பாத்து முடிவாச் சொல்லுங்க. அன்னைக்கு நீங்க பாத்தது இதுதானா?”

சாம்பல் நிறத்தில் ஒரு தலை, ஒரு முதுகு. குட்டிக் கை மேலே போய் இறங்கியது.

“இதுதானுங்க. எம் பாப்பாதானுங்க.”

மலர் இடுப்பிலிருந்து தன் போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“ஏனுங்க மேடம், இத எனக்கு இதுல ஏத்தித் தருவீங்களா? ஊட்ல யாருக்கும் காட்டமாட்டனுங்க.”

தேவகுமாரி லேப்டாப்பை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “உங்களுக்கு முன்னாடி வந்த நாலு பேரும் இது எங்க பாப்பான்னுதாம்மா சொல்லிட்டுப் போனாங்க. அங்க ஸ்கேன் மிஷினே கிடையாது. எங்கிருந்தோ எடுத்த வீடியோ. வந்தவங்களுக்கெல்லாம் இதையேதான் போட்டுக் காட்டி, பொண்ணுன்னு சொல்லி, மாத்திரைக்கும் காசு வாங்கியிருக்காங்க.”

மலர் போனைத் திரும்ப எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“அப்ப என்னோடத யாருமே பாக்கலீங்களா?”