வளர்ற பிள்ளைக்கு வாங்கிய பேட்

கடையில் ரெஜினா சின்ன பேட்டைத்தான் ஆசையாகச் சுழற்றிப் பார்த்தாள். "வளர்ற பிள்ளை, பெரிசாவே குடுங்க" என்று அப்பா பெரிய பேட்டை வாங்கிவிட்டார்.

தெருவில் பந்து தாண்டிப் போன பிறகுதான் அவளால் அதைத் தூக்க முடிந்தது. எல்லாரும் சிரித்தார்கள். பேட் கதவு மூலைக்குப் போனது.

"என்னையும் பெரிசாத்தான் வாங்கினாங்க. ரெஜினா பஞ்சு அடைச்சுப் போட்டுக்கிட்டா" என்றது அங்கே கிடந்த ஷூ. "உனக்கு எங்க பஞ்சு அடைக்கிறது?"

"வளருவா" என்றது பேட்.

ஓடி ஓடி ஷூ கிழிந்து, அதே மூலையில் கிடந்தது. மூன்று வருடம் கழித்து ஒருநாள், ரெஜினா பேட்டை ஒரே கையில் தூக்கினாள்.

"பார்த்தியா, தூக்கிட்டா!" என்று கத்தியது பேட்.

காற்றில் அடித்துக்கொண்டிருந்த கதவுக்கு அதை முட்டுக்கொடுத்துவிட்டு, அவள் படிக்க உட்கார்ந்தாள்.