ஓர் ஆள் பங்கு அரிசி

கிட்ட வாருங்கள், என் குஞ்சுகளே. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். ஒரு கதவை உடைத்தவனையும் ஒரு கதவைப் பூட்டச் சொன்னவளையும் பற்றிச் சொல்கிறேன். பயந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதல் அடியிலேயே தாழ்ப்பாள் வளைந்துவிட்டது. பிரெஞ்சு பேசுகிற பனிநாட்டு நகரம் ஒன்றின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், தமிழ் மெதடிஸ்த சபைப் பெண்கள் சனிக்கிழமைதோறும் அரிசிப் பை கட்டுகிற அந்தப் பழைய தேவாலய நிலவறையில், அரிசி அளந்துகொண்டிருந்த அக்னெஸின் கையிலிருந்து அளவுச் சுண்டு நழுவி விழுந்தது.

வெளியே பனி அள்ளிக்கொண்டிருந்த கோயில் காவலாளி பேனாட்டின் அலறல் கேட்டது. பிறகு கேட்கவில்லை. யன்னல் கண்ணாடியில் சிவப்பாக ஏதோ தெறித்து, அந்த ஜனவரிக் குளிரில் வழியாமலே உறைந்தது.

"சிவாஜினி! வெளியிலை வாடி! இண்டைக்கு உன்னை வெட்டிப் புதைச்சுப்போட்டுத்தான் போவன்!"

இரவிச்சந்திரன். சிவாஜினியின் புருஷன். நாலு கிழமைக்கு முன், வீங்கிய தாடையும் கையில் கசங்கிய விலாசத் துண்டுமாக அவள் இந்தப் படிகளில் வந்து விழுந்தாள். "விலாசம் ஆர் தந்தது?" என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லை. இப்போது களஞ்சிய அறையில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால், சால்வையைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள். அவன் கையில் அகப்பட்டால் பிணம்தான்.

அக்னெஸ் சுவர்த் தொலைபேசியை எடுத்து, தெரிந்த பிரெஞ்சையெல்லாம் கொட்டினாள். பத்து நிமிஷமாகும் என்றது மறுமுனை.

அப்போதுதான் கவனித்தாள். பாலாம்பிகை மட்டும் திடுக்கிடவில்லை. கறிக்குக் கோவா வெட்டிய கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

பாலாம்பிகை சபை ஆள் இல்லை. நெற்றி நிறையத் திருநீறு. லாசாலிலிருந்து இரண்டு பஸ் ஏறி, மூன்று சனிக்கிழமையாகத்தான் வருகிறாள். சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து, புதிதாக வந்திறங்கும் அகதிக் குடும்பங்களுக்குக் கொடுப்பார்கள். இவளும் ஒரு பால்மா டின் நிறையப் பிடியரிசி கொண்டுவருவாள்.

"சைவக்காரருக்கு ஏனக்கா இந்த வேலை?" என்று அக்னெஸ் ஒருநாள் பகிடியாகக் கேட்டாள்.

"வீட்டிலை ஒரு ஆள் குறைஞ்சுபோச்சு, பிள்ளை. அந்தப் பங்கைத்தான் கொண்டாறன்."

செத்த வீடாக்கும் என்று அக்னெஸ் அதற்குமேல் கேட்கவில்லை.

மூன்றாவது அடியில் கதவு பிளந்தது. பேனாட் பனி அள்ளிய சவள் முதலில் உள்ளே வந்தது, பின்னால் இரவிச்சந்திரன். சவளின் இரும்பு விளிம்பில் தலைமயிர் ஒட்டியிருந்தது.

நேரே பாலாம்பிகையைப் பார்த்தான். "உன்ரை பின்னாலைதான் இரண்டு பஸ் ஏறி வந்தனான். எங்கை அவள்?"

அக்னெஸ் பாலாம்பிகையின் பக்கம் திரும்பினாள். இவளா? இவளா இவனைக் கூட்டிவந்தாள்?

மேசைகள் பறந்தன. பைகள் கிழிந்து தரையெல்லாம் அரிசி. குறுக்கே பாய்ந்த அக்னெஸின் தோளில் சவள் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அடுத்த அடிக்கு ஓங்கினான்.

"நிப்பாட்டு! வா, காட்டிறன்," என்றாள் பாலாம்பிகை.

"நாசமாப் போவாய்!" தரையில் கிடந்தபடி அக்னெஸ் கத்தினாள். "நீயும் ஒரு பொம்பிளையோ?"

பாலாம்பிகை திரும்பிப் பார்க்கவில்லை. களஞ்சிய அறையைத் தாண்டி நடந்தாள். கோடியில் கொதிகலன் அறை. அதன் இரும்புக் கதவைத் திறந்து, முதலில் தானே உள்ளே போனாள்.

"இதுக்குள்ளைதான்."

அவன் பாய்ந்து நுழைந்தான்.

"வெளியாலை பூட்டு, பிள்ளை!"

அக்னெஸ் எப்படி எழுந்து ஓடினாளோ தெரியாது. தாழ்ப்பாளில் வைத்த கை அப்படியே நின்றது. பூட்டினால் உள்ளே போனவள் முடிந்தாள். பூட்டாவிட்டால் சிவாஜினி முடிந்தாள். கண்ணை மூடிக்கொண்டு தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

"பொய்யே சொன்னனீ?" உள்ளே அவன் கத்தினான்.

சவள் இரும்பில் விழும் சத்தம் கேட்டது. பிறகு இரும்பில் விழாத சத்தம். அக்னெஸ் கதவில் நெற்றியை முட்டுக்கொடுத்து எண்ணினாள். பதினொன்றுக்கு மேல் எண்ண முடியவில்லை. உள்ளிருந்து பாலாம்பிகை ஒரு தரம்கூடக் கத்தவில்லை.

பொலிஸ் வந்து திறந்தபோது அவன் களைத்துப்போய் மூலையில் குந்தியிருந்தான். பாலாம்பிகையின் வலது கை முறுகிக் கிடந்தது. ஒரு கண் மூடிவிட்டது. திருநீறு இரத்தத்தில் குழைந்திருந்தது. களஞ்சிய அறையிலிருந்து ஓடிவந்த சிவாஜினி அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

மேலே பேனாட்டுக்கு மூச்சிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். இரவிச்சந்திரனின் கைகளில் விலங்கு விழுந்தது. பொலிஸ்காரி குறிப்புப் புத்தகத்தை விரித்துப் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள்.

அக்னெஸ் அழுதபடியே தமிழில் சொன்னாள். "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அக்கா. இவனுக்கு எதிராச் சாட்சி சொல்லுவியளோ எண்டு கேக்கிறா. இவன் உங்களுக்கு ஆர் எண்டும் கேக்கிறா."

பாலாம்பிகை வாயில் நிறைந்த இரத்தத்தைத் துப்பிவிட்டு, உடையாத கையால் சிவாஜினியின் கன்னத்தைத் தடவினாள்.

"சொல்லுவன். இவன் நான் பெத்த பிள்ளை. இவளுக்கு இந்த விலாசம் எழுதிக் குடுத்ததும் நான்தான். எழுதச் சொல்லு."

உங்கள் வீட்டு உலையில் ஓர் ஆள் பங்கும் குறையாதிருக்கட்டும், என் குஞ்சுகளே.