ஆறு கட்டிகள்

நாகலாபுரத்தின் புது மேல்நிலைத் தொட்டியில் முதன்முதலாகத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கீழே குடங்களோடு ஊரே நின்றது.

தரம் பார்க்கும் பொறியாளர் கிருஷ்ணகுமாருக்குப் பெருமை தாங்கவில்லை. சோதனைக்கென்று ஒப்பந்தக்காரர் தனியாகச் செய்துவைத்த கான்கிரீட் கட்டிகளை அவன் தொடவே இல்லை. தானே அச்சுப்பெட்டியைச் சுமந்துவந்து, தூணுக்குப் போகும் கலவையிலிருந்தே அள்ளி நிரப்பி ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தான்.

"ஆறு கட்டியும் தேறிட்டு, அண்ணாச்சி!" என்றான் கொத்தனார் எத்திராஜிடம்.

"தேறாம? நல்ல மனுசன் நீங்க. உங்க பேரு கெடலாமா? அச்சுப்பெட்டியோட உங்க வண்டி தெரிஞ்சாலே ரெண்டு மூடை சிமெண்டு கூடப் போட்டுருவோம்லா!"

கிருஷ்ணகுமார் தொட்டியை அண்ணாந்து பார்த்தான். "நான் வராத அன்னைக்கு?"

"முதலாளி தாரதுதான் சார். முக்காவாசி மணலு."

தொட்டியைத் தாங்கும் எட்டுத் தூணில் அவன் அச்சுப்பெட்டியோடு வந்து நின்றது இரண்டுக்குத்தான்.

"மோட்டாரை நிறுத்துங்க!" என்று கத்தினான்.

"எதுக்கு சார் பதறுதீங்க? நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பரெல்லாம் சரியாத்தான இருக்கு?"

அவன் மறுபடியும் கத்தினான். குழாயில் தண்ணீரைக் கண்டு பெண்கள் போட்ட குலவையில் அது யாருக்கும் கேட்கவில்லை.