பிளாட்பாரக் கடிகாரம்

"உங்க கடிகாரம் பத்து நிமிஷம் முன்னால ஓடுது. சரி பண்ணிடுங்களேன்" என்றார், மூன்று நாளாக இதே நேரத்துக்குப் பிளாட்பார பெஞ்சில் வந்து உட்காரும் பெரியவர்.

புதிதாக மாற்றலாகி வந்த ஸ்டேஷன் மாஸ்டர் சிரித்தார். "ஜனங்க ரயிலை விட்டுடக் கூடாதேன்னு யாரோ ஒரு புண்ணியவான் எந்தக் காலத்துலயோ அப்படி வெச்சாராம். அப்புறம் யாரும் கை வைக்கல. அதோட, கொலைகாரனைப் பிடிச்சுக் குடுத்த கடிகாரம் ஐயா இது."

"அப்படியா, சொல்லுங்க."

கேட்க ஆள் கிடைத்தால் மாஸ்டருக்குக் கேட்கவா வேண்டும்.

"நாப்பது வருஷம் முந்தி இங்க டிக்கெட் கிளார்க்கைக் குத்திக் கொன்னுட்டு, வசூல் பெட்டியோட ஒருத்தன் ஓடினான். அப்போ இந்தக் கடிகாரத்துல நாலு பத்துன்னு ஒரு பயணி சாட்சி சொன்னார். மாட்டினது இங்க இருந்த போர்ட்டர். நாலு மணிச் சங்கு ஊதினப்போ ஆலை வாசல்ல நின்னேன்னு அழுதான். பார்த்தவங்களும் ஆமான்னாங்க. ஆனா ஆலையிலேர்ந்து இங்க பத்தே நிமிஷ நடை. கச்சிதமாப் பொருந்திடுச்சு. தூக்குல போட்டுட்டாங்க."

பெரியவர் தலை நிமிரவில்லை.

"அந்தப் புண்ணியவான் நான்தான். அப்போ இந்த ஸ்டேஷன் என் பொறுப்பு."

மாஸ்டர் அவர் பக்கம் திரும்பினார். "கோர்ட்ல இதைச் சொல்லலையா?"

"செத்த கிளார்க் என் தம்பி. யாராவது தொங்கினாப் போதும்னு இருந்துச்சு."

தூரத்தில் ஆலையின் நாலு மணிச் சங்கு ஊதியது.

மாஸ்டர் மெல்ல நிமிர்ந்து பார்த்தார். கடிகாரத்தில் மணி நாலு பத்து.