பசை இருந்த இடம்

ஜன்னலோரத் தையல் பெட்டியில் கிடந்த குண்டூசிக்கு வயிறெரிந்தது. புதுப் போர்வையின் மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றும் தைக்கும்போது நகராமலிருக்க, இந்தத் தடவை குண்டூசிக்குப் பதிலாகப் பசையைத் தடவிவிட்டார்கள்.

"உன்னைன்னா தைச்சதும் பிடுங்கிப் போட்டுடுவாங்க. நான் கடைசி வரைக்கும் இதுக்குள்ளேயே இருப்பேன்," என்றது பசை.

"இவன் குத்தவும் மாட்டான்," என்று போர்வையும் ஒத்து ஊதியது.

தைத்து முடித்து அலசினார்கள். பசை வெள்ளைத் தண்ணீராகச் சாக்கடையில் போனது.

வெளியே கொடியில் காய்ந்த போர்வையிடம் குண்டூசி கேட்டது: "பசை எங்கே?"

"எந்தப் பசை?" என்றது போர்வை. "அப்பாடா, இப்பதான் உடம்பு லேசா இருக்கு."

பக்கத்திலேயே, முன்பு தைக்கும்போது குண்டூசி நகராமல் பிடித்துக்கொடுத்த பழைய போர்வையும் காய்ந்துகொண்டிருந்தது. அதனிடம் தன்னைப் பற்றிக் குண்டூசி எதுவும் கேட்கவில்லை.